ஐந்து மூட்டை நெல்லும் ஒரு கற்பூரமும்

சுருளியாண்டியைப் போல இன்னொரு கட்சிக்காரர் எனக்கு வேண்டவே வேண்டாம். பெரியகுளத்தில் வக்கீல் குமாஸ்தாவாகப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிய சங்கரலிங்கம் நான், மனமாரச் சொல்கிறேன். பொய் சொல்லும் கட்சிக்காரரைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்த மனுஷரை என்ன செய்வது?

மார்க்கையன்கோட்டையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அவ்வளவுதான் சொத்து. 1926-ல் சின்னமனூர் வேலுச்சாமியிடம் முந்நூறு ரூபாய் கடன் வாங்கினார். பத்து வருஷமாக அறுப்பு முடிந்ததும் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். ஒரு காசுக்கும் ரசீது இல்லை. கடனுக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டின் பின்னால் வரவு எழுதச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

“மொகத்தப் பாத்துப் பணம் குடுத்தவுகள, எழுதிக் குடுங்கன்னு எப்பிடிங்க கேக்குறது? மரியாதயா இருக்காதுல்ல?”

மரியாதை பார்த்ததற்குப் பலன், ஒரு பைசா வரவில்லை என்று வேலுச்சாமி கோர்ட்டில் டிகிரித் தீர்ப்பு வாங்கி, நிலத்தை ஏலத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். ஊரில் தமுக்கு அடித்த பிறகுதான் இவர் எங்கள் ஆபீஸ் படி ஏறினார்.

நல்ல வேளையாக அதற்கு முந்தின வருஷம், 1938-ல், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்திருந்தது. அசலைப் போல இரண்டு மடங்கு கட்டிய விவசாயிக்கு அதற்குமேல் கடனே கிடையாது. கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறைச்சலை மட்டும் கட்டினால் போதும். சுருளியாண்டி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். ரொக்கம் ஐந்நூற்று எண்பத்தைந்து. கடைசி வருஷம் ரொக்கம் இல்லாமல் அனுப்பிய ஐந்து மூட்டை நெல், இருபது ரூபாய். ஆக அறுநூற்றைந்து. மனுப் போட்டோம், ஏலம் நின்றது.

சாட்சிக்கு எங்கே போவது? வேலுச்சாமியே ஒரு வழி சொன்னார். குச்சனூர் சனீஸ்வரன் சன்னதியில், அறுநூற்றைந்தும் கொடுத்தேன் என்று சுருளியாண்டி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் ஒத்துக்கொள்கிறாராம். செய்யாவிட்டால் மனு தள்ளுபடி. சனீஸ்வரனுக்குப் பயந்து பின்வாங்குவார் என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. உண்மையைச் சொல்ல என்ன பயம் என்று நான் அன்றைக்குச் சுருளியாண்டிக்கு என் காசில் காப்பி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை கோயிலில் நல்ல கூட்டம். கோர்ட்டு கமிஷனராக அனுப்பிய இளம் வக்கீல் காகிதமும் பேனாவுமாக நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்தது. ஈர வேட்டியுடன் நின்ற சுருளியாண்டி கையைக் கொண்டுபோனார். பிறகு இழுத்துக்கொண்டார்.

“ரொக்கத்துக்கு அணைக்கிறேங்க. நெல்லுக்கு முடியாது. எந் தம்பி செல்லப்பாண்டிதேன் வண்டியில கொண்டு போனான். அங்கன எறக்குனத எங் கண்ணு பாக்கலையே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் சன்னதி என்றும் பார்க்கவில்லை. “யோவ், நிலம் போயிரும்யா! அணையும்!” என்று கத்தினேன். அவர் அசையவில்லை. இருபது ரூபாய் நெல்லுக்காக ஒன்றரை ஏக்கரை விடத் துணிந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஜெயித்துவிட்ட வேலுச்சாமி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கூட்டம் அவரையே பார்த்தது. நெல்லை வாங்கி அமுக்கிவிட்டார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். சனீஸ்வரன் வேறு எதிரே இருக்கிறார். மனுஷருக்குப் பொறுக்கவில்லை.

“நானா நெல்லத் தின்னேன்? இந்தச் சாமி அறியச் சொல்றேன், ஒன் ரொக்கம் அம்புட்டும் வந்துச்சு, நெல்லு ஒரு மணிகூட வரல! ஒன் தம்பி அதக் கம்பம் சந்தையில வித்துட்டான். போய் அவனக் கேளு!”

கமிஷனரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வேலுச்சாமி நாக்கைக் கடித்தார். நான் துள்ளிக் குதிக்காத குறை. அப்போது நம் ஆள் கமிஷனரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயா, அந்த வரிய அடிச்சிருங்க. கோர்ட்டுக் காயிதத்துல தம்பி பேரு வேண்டாம்.”

“உம்ம நிலத்தைக் காப்பாத்துறதே அந்த வரிதான்யா!” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “தம்பி வித்தது உமக்குத் தெரியுமா?”

“மனசுல ஒரு இது இருந்துச்சுங்க. கேட்டா அவன் மொகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு கேக்கல.”

கமிஷனர் என்னைவிட நிதானமானவர். ரொக்கம் வந்தது, நெல் வரவில்லை என்று வேலுச்சாமி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, தம்பி பேச்சை அடித்தார். கோர்ட்டுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு மடங்குக்குக் குறைவது பதினைந்து ரூபாய். அதைக் கட்டினால் கடன் தீர்ந்தது என்று உத்தரவாயிற்று.

பணம் கட்டும் நாளில் சுருளியாண்டியுடன் இன்னொருவரும் வந்து வாசலிலேயே நின்றார். செல்லப்பாண்டி. பிறகு உள்ளே வந்து, மடியை அவிழ்த்து, பதினைந்து வெள்ளி ரூபாயை என் மேஜைமேல் வைத்தார். கட்டுகிறவர் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன். செல்லப்பாண்டி தரையைப் பார்த்தார்.

“எம் பேரையே போடுங்க,” என்றார் சுருளியாண்டி.

கோர்ட்டில் கட்டிவிட்டு வந்து ரசீதை நீட்டினேன். சுருளியாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சர்க்காருகிட்டயே ரசீது வாங்குனா, நம்பலன்னு ஆகாதுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லப்பாண்டி அதை வாங்கி நாலாக மடித்தார்.

“நான் வச்சிருக்கேண்ணே,” என்றார்.

சுருளியாண்டி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, “சரி, நீயே வச்சுக்க,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.