பத்து இலக்கங்களும் ஒரு பெயரும்

1
இந்தக் கதை என் கைதட்டலில் தொடங்கியது. 1978 மே மாதம், தன்யூப் ஆற்றங்கரையில் ரூசே நகரத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர் அறை. தலைமையாசிரியர் வெல்கோவின் கட்டுரை கணித இதழில் வந்திருந்தது. எல்லோரும் தட்டினார்கள். வரலாறு நடத்தும் நானும் தட்டினேன், அதை எழுதியவள் கணக்கு ஆசிரியை இஸ்க்ரா என்று தெரிந்துகொண்டே.

2
‘தன்யூப் ஆற்றின்மேல் மூடுபனி படர்ந்திருந்த அந்த…’

வேண்டாம். எல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது.

3
இஸ்க்ராவின் எண் 3816547290. பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை. முதல் இரண்டு இலக்கம், 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், இப்படியே போய் முழு எண் பத்தால். இதுபோல் இன்னொன்று கிடையாது.* அந்தக் ‘கிடையாது’வை நிறுவ அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. சலித்துச் சலித்துக் கடைசியில் பத்து எண்கள் மிஞ்சின. ஒவ்வொன்றின் முதல் ஏழு இலக்கங்களையும் ஏழால் வகுத்தாள். ஒன்பது எண்கள் விழுந்தன, இது மட்டும் நின்றது.

இதழுக்கு அனுப்பச் சொல்லி வெல்கோவிடம் கொடுத்தாள். அதுதான் பள்ளியின் முறை.

(* அவளுக்கு முன்பே யாராவது கண்டிருக்கலாம். வெல்கோ காணவில்லை.)

4
தன் பெயரைப் போட்டுப் படியெடுக்கும்போது வெல்கோ 4-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றிவிட்டார். அச்சிலும் அப்படியே. 381657 ஒற்றைப்படை, ஆறால் எப்படி வகுபடும்? இஸ்க்ராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் எழுதியது, எங்கே பிழை என்று இதழுக்கு இரண்டு பக்கக் கடிதம் போட்டாள். அடுத்த இதழில் ஒரு வரி வந்தது: ‘தோழர் வெல்கோவின் கட்டுரையில் எண்ணை 3816547290 என்று திருத்தி வாசிக்கவும்.’

எண்ணைத் திருத்திவிட்டார்கள்.

5
வெல்கோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட நானும் அங்கே நின்றிருந்தேன்.

“உக்காருங்க தோழர். யார் பேருல வந்தா என்ன, நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தானே பெருமை?”

“பள்ளிக்கூடமா ராத்திரியெல்லாம் உக்காந்து வகுத்துப் பாத்துச்சு?”

“கோவப்படாதீங்க. தலைநகரத்துல, சோஃபியாவுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. வேற எண் ஏன் கிடையாதுன்னு யாராவது கேட்டா…” வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “நாலு வரி எழுதிக் குடுங்க.”

“உங்க கட்டுரைதானே. நீங்களே எழுதுங்க.”

“புரிஞ்சா எழுத மாட்டேனா?” கூச்சமே இல்லாமல் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்தாள்.

6
இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் தாளைச் சுருட்டி அவர் முகத்தில் எறிகிறாள். இன்னொன்றில் நிறுவலில் வேண்டுமென்றே ஒரு தவறான படியைச் சேர்த்து, சோஃபியாவில் அவர் மானத்தை வாங்குகிறாள். மூன்றாவதில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். அதைத்தான் முதலில் கிழித்தேன்.

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அன்று வாய் திறக்காதவனுக்கு இன்று முடிவு சொல்ல என்ன உரிமை? பென்சில் உங்கள் கையில். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கீழே இஸ்க்ரா என்று கையெழுத்துப் போடுங்கள்.