கடிகாரத்துக்கு மட்டும்

டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, ஒயரிங்காரன் பேட்டரியின் நெகட்டிவ் நட்டைத் திருகினான். பச்சை பூத்து இறுகிப்போன நட்டு, அசைவேனா என்றது. ஸ்பானரை அழுத்திப் பிடித்து ஒரு எம்பு எம்பியதும் விட்டுக்கொடுத்தது. கூடவே விரல் முட்டியில் தோலும் போனது.

"பார்த்துப்பா, பெயிண்ட்ல கீறல் விழுந்துடப் போகுது" என்றார் முதலாளி.

அவர் ஷெட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா வாங்கிய கார் அது. வயதானாலும் பம்பரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். போன ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் கண்காட்சியில், பெரிய மனிதர்கள் கேமராவும் கையுமாகச் சுற்றி நிற்க, சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளித்தான் கிளப்பினார்கள். வேடிக்கை பார்த்த பொடிசுகள்கூடச் சிரித்தன. அன்றிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்கயோ கரண்ட் ஒழுகுது. பழைய ஒயரிங்காச்சே. இந்த ஸ்விட்சைப் போட்டுட்டா, வண்டியை நிறுத்தினதும் பேட்டரியைத் தனியாப் பிரிச்சுடலாம். சாவி என் கையில. அப்புறம் எப்படி இறங்குதுன்னு பார்க்கிறேன்."

ஒழுகுவது எங்கே என்று ஒயரிங்காரனுக்குத் தெரியும். ஒழுகவிட்டவனே அவன்தான்.

ஷெட்டின் பின்சுவரை ஒட்டி ஒரே ஓர் அறை. அதில்தான் டிரைவரும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த மனைவி ஒயரிங்காரனின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்கு இழுப்பு. ராத்திரியில் மூச்சு அடைத்தால், மருந்தைப் புகையாக்கித் தருகிற மிஷினை முகத்தில் வைத்தால்தான் போன உயிர் திரும்பும். ஆனால் முதலாளி படுக்கப் போகுமுன் ஷெட்டு லைனை மெயினிலேயே அணைத்துவிடுவார். அந்த அறைக்கும் அதே லைன். காரின் கதவுப் பூட்டுகள் எப்போதோ கெட்டுப்போயிருந்தன. ஆகவே உள்ளே இருக்கும் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகி அறைவரை இழுக்கிற மாதிரி, நீளமான ஒயர் ஒன்றை ஒயரிங்காரனே செய்து கொடுத்தான். மிஷின் ஓடியது. புழுக்கம் தாங்காத நாட்களில் ஒரு குட்டி ஃபேனும் ஓடியது. பேட்டரிதான் என்ன செய்யும், பாவம்.

வெளியே சொல்லவும் வழியில்லை. இதற்கு முன்பிருந்த டிரைவர் படுக்கையில் கிடந்த அம்மாவை அழைத்து வந்ததும், மறுநாளே அவன் சாமான்கள் தெருவுக்கு வந்துவிட்டன. நோய்நொடி என்று யாரும் இங்கே இருக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு.

முதலாளிக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அதற்காகவே காத்திருந்த மாதிரி டிரைவர் துடைக்கிற துணியோடு டிக்கியருகே வந்தான்.

"மச்சான், ஏதாவது பண்ணுங்க."

"என்ன பண்ணச் சொல்றீங்க மாப்பிள்ளை? மனுஷன் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

"பேட்டரிலேர்ந்து நேரா ஒரு ஒயரை ஓட்டி விட்டுடுங்களேன்."

"டிக்கியைத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது அதுதான். என்னைக் கூட்டிட்டு வந்தது யாரு? நீங்க. அப்புறம் யாரைக் கேட்பாரு?"

"வேற ஆள் வந்து நோண்டினா எல்லாம் வெளிய வந்துடுமேன்னுதான் உங்களைச் சொன்னேன்."

"நான் ஒரு பழைய பேட்டரி கொண்டாந்து தர்றேன். ரூம்லயே வச்சுக்குங்க."

"வச்சுப் பார்த்தாச்சே. ரூமைச் சோதனை போட்டப்போ கண்டுட்டாரு. ஆசிட்டு, தீப்பிடிக்கும், இன்னொரு தடவை பார்த்தா பேட்டரியோட நீயும் வெளியன்னாரு."

ஒயரிங்காரன் ஸ்விட்சை டிக்கியின் பக்கத் தகட்டில் பொருத்தி இரண்டு போல்ட்டுகளையும் முடுக்கினான். எர்த் கேபிளை அதன் ஒரு முனையில் மாட்டினான்.

தங்கை அறை வாசலில் வந்து நின்றாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"என்னண்ணே, வண்டி பிழைச்சுக்குமா?"

"நீ முதல்ல உள்ள போய் உட்காரு."

"ஒரு நாள் கிளம்பலைன்னதும் வைத்தியர் வீடு தேடி வர்றாரு. கொடுத்து வச்ச வண்டி."

"கிண்டல் வேறயா உனக்கு? பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு."

"உங்க வீட்டுல படுக்கிறதுக்கே முறை வச்சுக்கிறீங்க. நான் வந்தா நின்னுக்கிட்டே தூங்கணும்." சிரிக்கப் போனவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலாளி திரும்பி வந்தார். ஒயரிங்காரன் தலையைத் தூக்காமலே மெல்ல ஆரம்பித்தான்.

"ஐயா, ராத்திரி ஷெட்டு லைனை அணைக்காம விட்டாத்தான் என்னங்க? ஸ்விட்சு வந்துடுச்சே, இனிமே வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. பின்னாடி ஆளுங்க வேற இருக்காங்க."

"இருக்காங்கன்னுதானேப்பா பயமே. எதையாவது போட்டுட்டுத் தூங்கிடுவாங்க. பத்திக்கிட்டா இந்த மாதிரி வண்டி இன்னொண்ணு எங்க கிடைக்கும்?"

இவரிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

"அட, முக்கியமானதை மறந்துட்டேனே" என்று முதலாளி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். தலைமுடி கனத்தில் ஓர் ஒயர், நடுவில் கண்ணாடி பியூஸ். "டேஷ்போர்டு கடிகாரம் நிக்கவே கூடாது. அப்பா காலத்துலேர்ந்து ஓடுது. ஸ்விட்சுக்குக் குறுக்கே இதைப் போட்டா அதுக்குக் கரண்ட் போய்க்கிட்டே இருக்குமாமே?"

"போகுங்க."

டிரைவரின் கண்கள் விரிந்தன. ஸ்விட்சை அணைத்தாலும் கரண்ட் வருமென்றால் லைட்டருக்கும் வருமே! அந்த ஆசை ஒயரிங்காரனுக்குப் புரிந்தது. கிள்ளிப்போடவும் வேண்டியிருந்தது. முதலாளிக்குச் சொல்வதுபோல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆனா கடிகாரத்துக்கு மட்டும்தாங்க தாங்கும். வேற எதைப் போட்டாலும் பியூஸ் போயிடும், கடிகாரமும் நின்னுடும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! எவனாவது கை வச்சாலும் காட்டிக் கொடுத்துடும்."

அவனுடைய டூல்ஸ் பெட்டியில் பெரிய பியூஸ் ஒன்று கிடந்தது. ஒயரிங்காரனின் விரல் அதைத் தொட்டது. முதலாளி வந்து எட்டிப் பார்க்கும்முன் மாற்றிவிடலாம். ஆனால் பெரிய பியூஸ் போட்டால் சூட்டை இந்த முடி ஒயர் தாங்காது. கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் டேங்க். அதை அடுத்துப் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் தலைவைத்துப் படுக்கிறாள். விரலை எடுத்துக்கொண்டு, முதலாளி கொடுத்ததையே மாட்டினான்.

வேலை முடிந்தது. முதலாளி தானே குனிந்து ஸ்விட்சின் சிவப்புச் சாவியைத் திருப்பி உருவினார். பியூஸ் போய்விடாமல் ஒயரிங்காரன் அதைக் கழற்றிப் பிடித்துக்கொள்ள, அவர் முன்னால் போய் விளக்கைப் போட்டார், எரியவில்லை. ஹாரனை அழுத்தினார், செத்துக் கிடந்தது. விளக்கை அணைத்ததும் ஒயரிங்காரன் பியூஸைத் திரும்ப மாட்டினான். சற்றுப் பொறுத்து டேஷ்போர்டுக்குள் 'டொக்' என்று கடிகாரம் கரண்டில் தன் ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிக்கொண்டது. முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

"கேட்டியா? இதுதான் வேலை!" என்று ஒயரிங்காரனின் முதுகில் தட்டினார். சிவப்புச் சாவியை வளையத்தில் கோத்துக்கொண்டே டிரைவர் பக்கம் திரும்பினார். "இந்தா பாரு, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல முழிப்பு வந்தா ஒரு தடவை, இது ஓடுதான்னு காது கொடுத்துக் கேளு. நின்னுபோச்சுன்னா எந்நேரமானாலும் சரி, யோசிக்காம வந்து என் கதவைத் தட்டு."

"சரிங்கய்யா" என்றான் டிரைவர்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு, முதலாளி கிளம்பட்டும் என்று காத்திருந்தாள்.