உத்தரியம்

“நம்ம நாட்டுல இத்தனை பேரு துணியில்லாம நின்னிருக்காங்களா! நான் என்னமோ குளிக்கிறப்பக்கூட போர்த்திக்கிட்டுக் குளிக்கிற சனம்னுல்ல நெனச்சேன்,” என்றாள் கன்செப்டா. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எண்பது வயதில் அவளுக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை.

பிரீடா மட்டும் படங்களைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் மலக்கி இறந்து முப்பதாம் நாள் பூசை அன்று மாலை. கோயிலுக்குக் கிளம்பி வந்த இடத்தில் மழை பிடித்துக்கொள்ள, மலக்கியின் அக்கா கன்செப்டாதான், ஒரு டீ குடிப்போம் என்று கார்க் நகரத்து ஓவியக்கூடத்துக்குள் இழுத்து வந்தாள். டீயோடு விட்டாளா? ஐரிஷ் ஓவியர்களின் நிர்வாணப் படங்கள் என்று வாசலில் போட்டிருந்ததைப் படித்துவிட்டாள். வேண்டாமென்று அடம்பிடித்தால் ஏன் என்று கேட்பாள். பிரீடா பின்னால் நடந்தாள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் ஓவியக் கல்லூரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை வகுப்புக்கு, வரைவதற்காக உட்காரும் பெண் வரவில்லை. நீ உட்காருகிறாயா என்று ஆசிரியை கேட்டார். எப்படிச் சரி என்று சொன்னோம் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, கோயில் பாட்டுக்குழு என்று மலக்கியிடம் பொய் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே பளீரென்று விளக்கு. முதல் நாள் உடம்பு கூசியது, பிறகு கூசவில்லை. பிடித்திருந்தது. அதுதான் இத்தனை காலமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஏனென்றால் வீட்டில் விளக்கை அணைக்காமல் அவள் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்லை. டிரமோர் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனபோது ஒரே ஒரு தடவை மலக்கி, “விளக்கு இருக்கட்டுமே, பிரீடா,” என்று கேட்டான். “உனக்கென்ன பைத்தியமா?” என்று அணைத்துவிட்டாள். அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை. அவள் அறைக்குள் வருவதற்கு முன்பே தானே எழுந்து அணைத்துவிடுவான். நோயில் படுத்த படுக்கையாகும்வரை அந்த வேலையை அவன் மறந்ததே கிடையாது.

மூன்றாவது அறையில், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில் அவள் இருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு முக்காலியில். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று மூச்சு விட்டவளுக்கு அப்போதுதான் கழுத்து கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் கழற்றியவள், மாதா பேரால் கழுத்தில் கயிறு கட்டி அணியும் உத்தரியத்தை மட்டும் கழற்றவில்லை. அது இல்லாமல் திடீரென்று செத்துப்போனால் நரகம்தான் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். வரைந்தவர் அதையும் விடாமல் வரைந்திருந்தார். பழுப்புத் துணித் துண்டு, கயிறு, கயிறு அறுந்த இடத்தில் பச்சைக் கம்பளி நூல் முடிச்சு.

கல்யாணத்தன்று காலை அந்தக் கயிறு அறுந்தபோது, தன் கம்பளிச் சட்டைக் கையிலிருந்து ஓர் இழையை உருவி முடிந்துவிட்டவள் கன்செப்டா.

கன்செப்டா படத்துக்குக் கிட்டப் போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது என் சட்டை நூலு.”

பிரீடா தன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அவன் பாத்தானா?”

“இந்தப் படத்தையா? இல்ல.”

“படத்தைக் கேக்கலடி.”

“இல்ல,” என்றாள் பிரீடா. “ஒரு தடவ கேட்டான், கன்செப்டா. வாய் விட்டுக் கேட்டான். நான்தான் பாவி…”

கன்செப்டா திட்டவில்லை. கைப்பையைத் திறந்தாள். கோயிலில் கொடுப்பதற்காக அச்சடித்த நினைவு அட்டைகள் ஒரு கட்டாக உள்ளே இருந்தன. ஒன்றை உருவினாள். கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த மலக்கியின் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்து, கையை நீட்டி, படத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“அம்மா, அவ்வளவு கிட்டப் போகக் கூடாதும்மா,” என்று காவலாளி வந்தான்.

“கொஞ்சம் பொறுப்பா. என் தம்பிக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”

பிரீடா நின்ற இடத்திலிருந்து அட்டையின் முதுகுதான் தெரிந்தது. கிழவி நீட்டிய கையை இறக்கவில்லை. படத்துக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.