ஷிப்ட் மாறும்போது

வடலூர் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சரிதாதான் வார்டு இன்சார்ஜ். ஷிப்ட் மாறும்போது நர்சுகள் அவள் முன்னால் நின்று நோயாளிகளை ஒப்படைப்பார்கள். ஒருமுறை இசைப்பிரியா ஒரு நோயாளியின் வீட்டுக் கவலையைச் சொல்லப் போக, "கேஸ் ஷீட்டுல இருக்கறத மட்டும் சொல்லு. கதை கேக்க இங்க யாருக்கும் நேரமில்ல" என்று எல்லோர் எதிரிலும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. வார்டு கட்டுக்குள் வந்துவிட்டது என்று சரிதா நினைத்தாள்.

அய்யாசாமி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காரர், கால் புண்ணோடு படுத்திருந்தார். அன்று காலை இசைப்பிரியாவுக்கு அடுத்து ஷிப்டுக்கு வந்த நர்ஸ் ஃபர்ஹீன் வழக்கம்போல் அவருக்கு இன்சுலின் போட்டாள். டிபனும் வந்தது. சற்று நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, நினைவு தப்பியது. குளுக்கோஸ் ஏற்றியும் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

அவர் மனைவி வீராயி சரிதாவிடம் அழுதாள். "வாய்க்குப் புடிக்கலன்னு இட்லிய பக்கத்துக் கட்டில்காரருக்கே குடுத்துக்கினு இருந்தாருங்க. அந்தப் பொண்ணுகூடப் பாத்துச்சே." கை இசைப்பிரியாவைக் காட்டியது.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு நாளா பாத்தேன் சிஸ்டர்."

"சாப்பிடாதவருக்கு ஊசி போட்டா சர்க்கரை எறங்கிடுமே, ஃபர்ஹீன்கிட்ட ஏன் சொல்லல?"

"கேஸ் ஷீட்டுல இல்லியே சிஸ்டர்." குத்திக்காட்டச் சொல்லவில்லை. சொல்லும்போதே அழுதாள்.

ஊசி போட்டது ஃபர்ஹீன் என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் மேனேஜர். சரிதா அவரிடம் போனாள். "ஃபர்ஹீன் மேல தப்பில்ல சார். இவங்கள வாயத் தெறக்க விடாம வச்சிருந்தது நான்தான்."

"நீங்க பர்மனென்ட். அது கான்ட்ராக்ட் பொண்ணு. இதோட விடுங்க" என்றார் அவர்.

ஃபர்ஹீன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது சரிதா வாசல்வரை கூடவே வந்தாள்.

"வுடுங்க சிஸ்டர். ஊசி போட்ட கை என்னுதுதானே" என்று சொல்லிவிட்டு ஃபர்ஹீன் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த ஷிப்டில் சரிதா நாற்காலிகளைப் போட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னாள். "வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் சரி."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள்.

ஒருநாள் இசைப்பிரியா, "சிஸ்டர்..." என்று ஆரம்பித்தாள். சரிதா சட்டென்று நிமிர்ந்தாள். அந்த வேகத்தைக் கண்டதும் இசைப்பிரியா, "ஒண்ணுமில்லீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.