பஞ்சு ஏன் பாதியில் போனாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் விசைப்பலகையில் ஓர் எழுத்து வேலைநிறுத்தம் செய்ததால் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கார்டு மேல தப்பு இல்லன்னா, தப்பு என் மேலன்னு ஆயிடும்ங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"புது வைஃபை கார்டும்மா. இங்க நல்லாத்தானே ஓடுது?" என்றார் அவர்.

அவள் மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள்.

2

ஆரம்பத்துக்கு நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

'சன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசு மெல்ல—' வேண்டாம். தூசு மிதக்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.

'இணைப்புகளால் ஆன இக்காலத்தில் மனிதத் தனிமை என்பது—' அடச்சே.

'அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வது விளையாட்டில் மட்டும்தான்.' இது இருக்கட்டும்.

அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறாள். தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். தங்கையின் கல்யாணத்துக்கு அக்கா போகவில்லை. (ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.) தங்கை போன் செய்து, "ஏன்க்கா வரல?" என்று கேட்டபோதெல்லாம் அக்கா பட்டென்று வைத்துவிட்டாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தங்கை கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. இணையத்தில் விளையாடும் நாலு பேர் அணியில் ஓர் ஆள் குறைகிறது, வர்றியா என்று. கேட்டதுதான் தாமதம், அக்கா கிளம்பிவிட்டாள். அவளுக்கு வைத்தியர் வேடம். சண்டையில் அடிபட்டு விழுகிறவர்களை ஓடிப்போய் எழுப்பிவிட வேண்டும். அதனால் அணியில் அவள் பெயர் பஞ்சு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "குட்டி, இடது பக்கம் வர்றான் பாரு!" என்று அலறும்போது நடுவில் கல்யாணமும் கிடையாது, மனஸ்தாபமும் கிடையாது.

ஆனால் பஞ்சு பாதியில் காணாமல் போகிறாள். ஆட்டம் சூடுபிடித்தாலோ, ஓய்வு நேரத்தில் தங்கை அந்தப் பழைய கேள்வியை மெல்ல எடுத்தாலோ, வைஃபை போய்விடுகிறது.

"அக்கா, நிஜத்தச் சொல்லு. நெட்டு கட்டாகுதா, நீ கட் பண்றியா?"

"சத்தியமா நெட்டுதான் குட்டி."

"அதெப்படிக்கா, நான் வாயத் தொறந்தா மட்டும் கரெக்டா கட்டாகுது? கார்டும் மாத்தியாச்சுன்னு சொல்ற. சனிக்கிழமை தகுதிச் சுற்று. அதுலயும் போனேன்னா வேற ஆளப் போட்டுக்கறேன். அப்புறம் நானா உன்னக் கூப்பிட மாட்டேன், பாத்துக்க."

3

பஞ்சு அழுவாள் என்று எதிர்பார்த்து ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை— (சுடிதார் என்று முன்பே முடிவு செய்தேன், மறந்துவிட்டது) துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாள். பலனில்லை. பழைய டிரைவரையே திரும்பப் போட்டாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கார்டை அணைத்து வைக்கலாம் என்று செட்டிங்ஸில் எங்கோ ஒரு மூலையில் டிக் அடித்திருந்தது. அதை எடுத்தாள். ரவுட்டரை அலமாரி மேலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தாள், அலைவரிசையை மாற்றினாள். மைக்ரோவேவ் மேல் சந்தேகப்பட்டாள். அடுத்து பக்கத்து வீட்டு ரவுட்டர் மேல். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் கடைக்காரர் மேலேயே சந்தேகப்பட்டாள். எல்லாம் செய்து முடித்து, சும்மா உட்கார்ந்து பார்த்தால் வைஃபை கல்லு மாதிரி நிற்கிறது. ஆட்டத்தில் இறங்கினால் போகிறது.

[இங்கே ஒரு புத்திசாலி வாசகர் கை தூக்குகிறார்: யூ.எஸ்.பி.யில் செருகும் வைஃபை ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்ததே? ஐயா, அதைத்தான் அவள் கணவரும் சொன்னார். அதற்கு அவள் பதில்: "வாங்கிப் போட்டா இனிமே போகாது. இதுக்கு முன்னாடி போனதெல்லாம் யார் கணக்குல எழுதறது? ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியணும். அவகிட்ட காட்டணும்." உட்காருங்கள்.]

4

கணவரை என்ன செய்வது என்று எனக்குப் பெரிய குழப்பம். அவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் பிரதியில் அவரே ஸ்குரூ டிரைவரோடு வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். படித்துப் பார்த்தேன், பஞ்சு என்னை முறைக்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். இப்போது அவருக்கு டார்ச் பிடிக்கும் வேலை மட்டும்தான். கூடவே ஒரு வசனம்:

"எங்க வேலைல லிஃப்ட் எப்ப நிக்குதோ அதே மாதிரி ஓட்டிப் பாத்தாத்தான் கோளாறு தெரியும். காலி லிஃப்ட ஓட்டிப் பிரயோஜனமில்ல. உனக்கு எப்பப் போகுது?"

"டென்ஷனா இருக்கும்போது."

"அப்ப டென்ஷனாகு."

"சும்மா எப்படிங்க டென்ஷனாகறது? நீங்க ஏதாவது சொல்லுங்க."

மனுஷர் தவித்துப் போனார். கட்டிய நாளிலிருந்து கோபமூட்டாமல் பார்த்துக்கொள்ளவே படாத பாடு படுபவரிடம் கேட்கிற உதவியா இது?

"சாம்பிளுக்கு... உன் சமையல்ல உப்பு கம்மி."

"அது எனக்கே தெரியும். வேற."

"உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஒரு மாதிரி."

"வேற, வேற!"

அவர் திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உன் தங்கச்சி சொல்றது சரின்னுதான் எனக்கும் தோணுது. பதில் சொல்லப் பிடிக்காம நீயே போயிடற."

பஞ்சுவின் முகம் சிவந்தது. எதிரில் நிற்பவரின் சட்டையைப் பிடிப்பது போலத் திரையின் மூலையைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள்.

வைஃபை போய்விட்டது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பின்னால் தள்ளினாள். சிக்னல் வந்தது. முன்னால் இழுத்தாள். போனது.

"ஏங்க, மறுபடி சொல்லுங்க."

"போதும் தாயே, டார்ச்ச எடுத்துட்டு வர்றேன்."

5

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கார்டு பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. கார்டிலிருந்து கிளம்பும் மெல்லிய ஆன்டெனா வயர், திரையைத் தாங்கும் கீல் வழியாக மேலே ஏறுகிறது. திரைச் சட்டத்தை நெம்பிக் கழற்றிப் பார்த்தால், கீலுக்குள் அந்த வயர் நசுங்கி, தோல் உரிந்து, ஓரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு அதைப் படமெடுத்துக்கொண்டாள். "பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் இல்ல!" என்று குதித்தாள்.

இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இதை நான் திட்டமிடவே இல்லை. வயர் தானாக நைந்து போகவில்லையே. கோபம் வந்தபோதெல்லாம் இழுத்து இழுத்து நைய வைத்தது அவள் கைதானே? தங்கை கேட்டது சரியான கேள்விதானோ? அவள் கட் பண்ணவில்லை. அவள் கட் பண்ணாமலும் இல்லை.

கணவருக்கும் இது உறைத்திருக்க வேண்டும். ஆனால் டார்ச்சை வயர் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். குதித்துக்கொண்டிருந்த பஞ்சுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டாள். வலது கையை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு, "புது வயர் வாங்கிட்டு வாங்க. நானே மாட்டறேன்," என்றாள். கீலில் மாட்டிக்கொள்ளாதபடி வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு அவளே மாட்டினாள்.

6

முடிவுகள்.

(அ) அணி ஜெயிக்கிறது, கணவர் கைதட்டுகிறார்— எழுதும்போதே கொட்டாவி வந்தது.

(ஆ) நைந்த வயரின் படத்தைப் பார்த்துத் தங்கை, "உன்னச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுக்கா" என்று அழுகிறாள். ஒரு பக்கம் எழுதிவிட்டேன். பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது குட்டியா என்கிறாள். நியாயம்தான். அடித்துவிட்டேன்.

(இ) சனிக்கிழமை மதியம். முதல் ஆட்டம் முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். தங்கை படத்தைப் பார்த்துவிட்டாள்.

"சரிக்கா, நம்பறேன். இப்ப நெட்டு நல்லா இருக்குல்ல?"

"இருக்கு குட்டி."

"இனிமே போகாதுல்ல?"

"போகாது."

"அப்பக் கேக்கறேன். என் கல்யாணத்துக்கு ஏன்க்கா வரல?"

அணியின் மற்ற இரண்டு பேரும் நாசூக்காக மைக்கை அணைத்துவிட்டார்கள். பஞ்சுவின் வலது கை தானாகத் திரையின் மூலைக்குப் போயிற்று. பிடித்து இழுத்தாள். பலமாகவே இழுத்தாள். சிக்னல் கோடுகள் நாலும் அப்படியே நின்றன. தங்கை மூச்சு விடுவது கூடக் காதில் தெளிவாகக் கேட்டது. இனி போவதென்றால் அவளேதான் போக வேண்டும்.

அவள் போகவில்லை. "குட்டி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த வாக்கியத்தைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே பொய்யாகப் படுகிறது. உங்களுக்கும் பட்டென்று வைத்துவிட்ட போன் ஒன்று இருக்கும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.