கஞ்சியில் விழுந்த ரவை

நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவன் அதை ருசி பார்க்க முடியாது. அவனும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்ததில்லை. மூக்குக்கு வரும் வாசனையும், கிளறும்போது கைக்குத் தெரியும் கனமும் எனக்குப் போதும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பதினேழு வருடமாக ரமலான் மாதம் முழுக்க அடுப்பு என் பொறுப்பு. மற்ற மாதங்களில் ஆட்டோ ஓட்டுகிறேன். பெயர் அப்துல் வஹாப். கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய்யில்லை. கழுவாத தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன், பள்ளிவாசல் தலைவர் வீட்டு வாளியாக இருந்தாலும் சரி. கஞ்சியில் என்ன போட்டாய், ஏது போட்டாய் என்று என்னைக் கேள்வி கேட்டால் இன்னும் மோசம்.

அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ரிஃபானா எனக்குப் பழக்கமானாள். அடுத்த தெரு தப்ரேஸின் மனைவி. ஐந்து வருடத்துக்கு முன் நோன்பின் முதல் நாள் வாளியோடு வந்து, கஞ்சியில் கோதுமை ஏதாவது உண்டா என்றாள். பாதி உலகம் கோதுமை தின்றுதான் உயிரோடு இருக்கிறது, உனக்கு மட்டும் அது விஷமா என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் நகரவில்லை. குரலை உயர்த்தாமல், எனக்கு மட்டும் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அனம் பிறந்த பிறகு முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கிவிட்டாளாம். எத்தனை டானிக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று நோய்க்குப் பெயர் சொன்னார். ஒரு சிட்டிகை கோதுமை உள்ளே போனாலும் அவள் உடம்பே அவள் குடலைத் தாக்கும். அதற்கு மாத்திரை கிடையாது, கடைசிவரை கோதுமையை ஒதுக்கி வைப்பதுதான் வைத்தியம். பரோட்டா போச்சு, சமோசா போச்சு, பிஸ்கட் போச்சு. பெருங்காயத் தூளில்கூட மைதா கலக்கிறார்களாம், அதனால் வெளியில் ரசம்கூடக் கிடையாது. பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் போட்டுக் காய்ச்சும் இந்தக் கஞ்சி மட்டும் தேறும் போலிருக்கிறது, அதனால்தான் கேட்டேன் என்றாள். வெட்கமாகிவிட்டது எனக்கு. என் அடுப்பில் கோதுமை ஏறாது என்று வாக்குக் கொடுத்தேன். நாலு ரமலான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

ஐந்தாவது ரமலானில், இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாலைத் தொழுகை முடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. அண்டாவில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினேன். கஞ்சி நீர்த்துப்போய்க் கரண்டியில் நிற்கவில்லை. நொய்யும் தீர்ந்துவிட்டது. எதிர்க்கடை ஜெகதீசனிடம் கேட்டேன். நொய் இல்லை பாய், இதைப் போட்டுக் கிளறுங்கள் என்று பள்ளிவாசலுக்காக நல்ல மனதோடு மூன்று பாக்கெட் கோதுமை ரவையைக் கொடுத்தார். வெட்டிக் கொட்டினேன். பத்து நிமிடத்தில் கஞ்சி கெட்டியாகிப் பதமாக வந்தது. கொடுத்த வாக்கு நினைவிலேயே இல்லை. கையைத் தட்டிக்கொண்டேன். தப்ரேஸின் வாளியையும் நானே நிரப்பிக் கொடுத்தேன்.

நோன்பு திறக்க பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு முதல் வாய்க் கஞ்சியைக் குடித்தேன். பல்லுக்கிடையில் ஒரு மணி மாட்டியது. ரவை. அப்போதுதான் உறைத்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

ரிஃபானா பாதி டம்ளர் குடித்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அதுல கோதும ரவ போட்டுட்டேம்மா. நான்தான் போட்டேன்."

தப்ரேஸ் வேகமாக எழுந்தான். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை, ஒன்பதுக்குள் ஆரம்பித்துவிடும் என்றாள். ரயில் வரும் நேரத்தைச் சொல்வதுபோல இருந்தது. வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்துவிடும்மா என்றேன். அதனால் தொண்டைதான் புண்ணாகும், உள்ளே போனது முழுக்க வராது என்றாள்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவள் செய்ததைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். என் போன்றவன் என்றால் அந்த நேரத்தைத் திட்டியே தீர்த்திருப்பான். அவள் முதலில் அடுத்த நாளுக்காகச் சோற்றைக் குழைய வடித்து வைத்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் நிரப்பினாள். வெந்நீர்ப் பையை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள். கழிவறைக்குப் போகும் வழியில் கிடந்த சைக்கிளையும் பக்கெட்டையும் நகர்த்தச் சொன்னாள். மிச்சக் கஞ்சியை வீணாக்காமல் மாடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பிறகு அனத்தை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அம்மா சிடுசிடுன்னு இருப்பேன், சரியா? உம்மேல கோவம் இல்ல. கோதும மேலதான்."

குழந்தை தலையாட்டியது. இதைச் சொல்லத் தோன்றுமா ஒருத்திக்கு, அந்த நேரத்தில்?

தப்ரேஸ் என்னை வெளியில் கூட்டி வந்து மற்றதைச் சொன்னான். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூன்று வருடமாகப் பெட்டிகளைக் குறித்துக்கொள்ளும் வேலை பார்க்கிறாள் ரிஃபானா. பெட்டிகளைத் தூக்கும் கிரேனை ஓட்டுவதற்கு ஆறு மாதம் பயிற்சி எடுத்திருக்கிறாள். பத்தொன்பது பேரில் இரண்டே பெண்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட்டிக் காட்டும் பரீட்சை. வராதவர்கள் பெயரை அடித்துவிடுவார்கள். தப்ரேஸுக்கு மணலியில் காலை ஆறு மணி ஷிப்ட், விட முடியாது. நான் அழைத்துப் போகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

காலை ஏழரைக்கு ஆட்டோவை வாசலில் நிறுத்தினேன். இரவு முழுக்க அவள் படுக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. நோன்பை விட்டிருந்தாள், நோயாளிக்கு அந்த அனுமதி உண்டு. ஒரு கையில் உப்புத் தண்ணீர், இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறையில் டாக்டர் சீட்டுகள்.

வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள். மணலி புதுநகர் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னாள். அங்கே கழிவறை சுத்தமாக இருக்குமாம். அடுத்தது மீஞ்சூரில். எந்த இடத்தில் தண்ணீர் வரும், எந்த இடத்தில் தாழ்ப்பாள் இருக்காது என்று அந்தச் சாலையில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு பிரிவில் இடமா வலமா என்று கேட்டேன். மூன்று வருடமாகத் தினமும் போகிற வழி. அவள் யோசித்தாள். சொல் வரவில்லை. கடைசியில் கையைத் தூக்கிக் காட்டினாள். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, இரண்டு மூன்று நாளைக்கு இப்படித்தான் என்றாள். ஆனாலும் எப்படியாவது ஏறிவிடும்மா, இருபது நிமிடம்தானே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குள் போனாள். ஆட்டோவை உள்ளே விட மாட்டார்கள். மதிலுக்கு மேலே கிரேன் தெரிந்தது. பெட்டி மேலே போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பெட்டியும் அவள் தூக்கியதாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

அவள் ஏறவே இல்லை. நேராகப் பயிற்சியாளர் சவரிநாதனிடம் போய், இன்று எனக்குத் தலை தெளிவாக இல்லை, ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்தாராம். காய்ச்சலோடுகூட ஏறியிருக்கிறார்கள், ஆறு மாத உழைப்பை வீணாக்காதே என்றிருக்கிறார். இவள் சீட்டுகளைப் பிரித்து வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். இன்று கிரேன் ஓட்டும் நிலையில் இல்லை என்று ஓட்டுகிறவரே எழுதிக் கொடுக்க ஒரு ஃபாரம் இருக்கிறதாம். யாரும் கேட்டதே இல்லை என்பதால் அதைத் தேடி எடுக்கவே அரை மணி ஆகிவிட்டது. வந்து எழுதிக் கொடுத்தவர் பெயரை அடிக்க முடியாது, அடுத்த பரீட்சைக்கு மாற்றத்தான் வேண்டும். அது இரண்டு மாதம் கழித்து. அந்தப் பரீட்சையில் அவள் ஏறினாள், பாஸும் ஆனாள். அவள் ஆகாமல் வேறு யார் ஆவார்? ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. என் மேல் இருந்த கோபம் அவள் மேல் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருந்தால் பாஸ் ஆகியிருப்பாயே என்று கத்திவிட்டேன்.

"ஆயிருப்பேன் மாமு, அதான் பயம். இடம் எது வலம் எதுன்னு தெரியாதவ முப்பது டன்ன தொங்கவுட்டுகினு இருக்கான்னு கீழ நிக்கிற ஆளுக்கு யாரு சொல்றது?"

இந்த நாற்பது வருடத்தில் எத்தனை நாள் கண் சொருகச் சொருக ஆட்டோ ஓட்டியிருக்கிறேன். ஒருநாளும் வண்டியை ஓரம் கட்டி, இன்று முடியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. இவள் என் வயதில் பாதி.

ஃபாரத்தில் என் பெயரை எழுதினாயா என்று கேட்டேன். தெரியாமல் கோதுமை கலந்துவிட்டது என்று மட்டும் எழுதினாளாம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் வண்டியை எடுக்காமல் நின்றேன். நோன்பு வாயோடு கேட்டேன்.

"என்ன மாப் பண்ணிடும்மா."

"நேத்தே பண்ணிட்டேன் மாமு. ஆனா மறக்க மாட்டேன். மறந்தா எனக்குக் கட்டாது." உப்புத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தாள். "இந்த ஊர்ல நான் கேக்காம குடிச்சது உங்க கஞ்சி ஒண்ணுதான். இனிமே தெனம் வந்து கேப்பேன். வரிசையில எல்லாருக்கும் முன்னால கேப்பேன். நீங்க கத்தக் கூடாது."

பதினேழு வருடத்தில் என் அடுப்பைப் பார்த்து இப்படி ஒருவரும் பேசியதில்லை.

"கேளும்மா," என்றேன். வண்டியை எடுத்தேன்.