சரசா கொட்டிய தண்ணீர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியின் மூன்றாவது லைனில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களுக்கு லீடர் சரசா. லீடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்களைப் போலவே எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கூடவே கழுத்தில் ஒரு பச்சை அட்டையையும் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பாத்ரூம் போகிறவள் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போய், வந்ததும் திருப்பித் தர வேண்டும். அவள் வரும்வரை அடுத்தவள் போக முடியாது. அட்டை இல்லாமல் கதவைத் தாண்டினால் செக்யூரிட்டி பெயரைக் குறித்துக்கொள்வார்.

அதனால் அந்த லைனில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காதே என்று எவரும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடும்.

அன்று ஊழியர் நல நாள். ஹெச்.ஆரில் இருக்கும் ஷோபனா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், பூந்தமல்லியில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருப்பவள், நல்ல மனசுக்காரி. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொடுத்து, தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளச் சொல்லிப் படமும் எடுத்தாள். பாட்டிலில் 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்போம்' என்று அச்சிட்டிருந்தது.

"மூணு லிட்டரா?" என்றாள் யுவராணி. லைனிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "அப்ப பாத்ரூம்லயே ஒரு டேபிளு போட்டுக் குடுத்துடுங்க மேடம். அங்கயே ஒயர் கட்டிக்கினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஷோபனாவும் சிரித்தாள், விஷயம் புரியாமலே.

முனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சென்னீர்குப்பத்திலிருந்து வருகிறவள். இரண்டு வருடமாகச் சர்க்கரை. அடக்கி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் இது தெரிந்ததும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று அன்பாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே சரசாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றரை மணி இருக்கும். வயிற்றுவலி என்று அட்டையை வாங்கிப் போன ஒரு பெண் இருபது நிமிடமாகியும் திரும்பவில்லை.

"அக்கா, அட்டை வந்துச்சா?" முனியம்மா இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

"இன்னும் வரல முனிமா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

சரசா மறுபடி ஒயரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அட்டை இல்லாமலே போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் செக்யூரிட்டியோடு பேச வேண்டும், மேனேஜரோடு பேச வேண்டும். அவளுக்குக் கால் வலித்தது. பொறுத்துக்கோ என்பது வலியில்லாத வார்த்தை, சொல்கிறவருக்கு.

சற்று நேரத்தில் தலை நிமிர்ந்தபோது, முனியம்மா இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி அசையாமல் நின்றிருந்தாள். கண் மட்டும் சரசாவைத் தேடியது. காலடியில் தரை ஈரமாகிக்கொண்டிருந்தது.

தாயே என்று மனசுக்குள் திருவேற்காட்டு அம்மனைக் கூப்பிட்டபடி, சரசா தன் புது பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே நடந்தாள். முனியம்மாவின் பக்கத்தில் போய்க் கால் இடறியவள்போலச் சாய்ந்தாள். முனியம்மாவின் நீல யூனிஃபார்ம் கோட்டிலும் புடவையிலும் தரையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது.

"அட, கை தவறிடுச்சே. புடவையெல்லாம் நனைச்சிட்டேன் பாரு முனிமா."

மேனேஜர் தட்சிணாமூர்த்தி வந்துவிட்டார். "ஒயர் மேல தண்ணியா? எத்தனை வருஷம்மா சர்வீஸ் உனக்கு?"

"பதினொன்னு சார்."

"நல்லா இருக்கு. எக்ஸ்பிளனேஷன் எழுதிக் குடுத்துட்டுப் போ."

யுவராணி மாப்பை எடுத்து வந்தாள். தரையைப் பார்த்தாள், சரசாவைப் பார்த்தாள். முனியம்மாவின் காலடியிலிருந்து தொடங்கி, துடைத்துவிட்டுப் போனாள்.

உடை மாற்றும் அறையில் சரசா தன் மாற்றுப் புடவையை நீட்டினாள்.

"நாளைக்கு வரமாட்டேன் அக்கா. எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது?"

"தண்ணி கொட்டுனது நானு. வெக்கப்படணும்னா நான்தான் படணும்," என்றாள் சரசா. அதில் பாதி ஆறுதல், மீதி நிஜம்.

ஷிஃப்ட் முடிந்து ஷோபனாவின் அறைக்குப் போனாள்.

"இனிமே இப்படி நடக்காதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா. அதோட முடிஞ்சிரும்."

வாசலில் அவள் ஏற வேண்டிய பருத்திப்பட்டு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வரி எழுதினால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சரசா வேண்டிக்கொண்டாள்: பொய்யும் வேண்டாம், அவள் பெயரும் வெளியே வர வேண்டாம். பிறகு எழுதினாள்.

'தண்ணீர் கொட்டியது என் தவறுதான். ஆனால் முப்பத்திரண்டு பேருக்கு ஒரே பாத்ரூம் அட்டை இருக்கும்வரை, இனி கொட்டாது என்று என்னால் எழுதித் தர முடியாது.'

ஷோபனா இரண்டு தரம் படித்தாள். அதற்குள் வேன் கிளம்பிப் போய்விட்டது.

"ஒரே ஒரு அட்டைதானா?"

"ஒண்ணுதான் மேடம். நாலு வருஷமா."

"காலையில யுவராணி சொன்னாங்களே." ஷோபனாவின் குரல் இறங்கியது. "நானும் சேர்ந்துல்லா சிரிச்சேன்."

யாருக்கு நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காகவே அவளுக்குப் புண்ணியம் உண்டு என்று சரசா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கதவருகே ஆணியில் மூன்று அட்டைகள் தொங்கின. ஒன்று பழையது. மற்ற இரண்டும் அட்டைப்பெட்டியை வெட்டிப் பச்சைக் காகிதம் ஒட்டியவை. ஒரு வாரம் பார்க்கலாம் என்று மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாராம். சரசாவின் கடிதம் அவளுடைய ஃபைலில் ஏறிவிட்டது.

எட்டு மணிக்கு முனியம்மாவின் இடம் காலியாக இருந்தது. எட்டு ஐந்துக்கும் காலிதான். சரசா ஒயரைக் கையில் எடுத்தாள், வைத்தாள், கதவைப் பார்த்தாள்.

எட்டு பத்துக்கு முனியம்மா வந்தாள். ஆணியைப் பார்த்து நின்றாள். தன் இடத்துக்கு வந்து பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னொரு வாய்.

பிறகு சரசாவிடம் நீட்டினாள்.

"உன்னுது நேத்தே காலியாயிடுச்சே. குடி அக்கா."